உங்களுக்குத் தெரியுமா? கூட்டத்தைத் திருப்பிய பேச்சுகள்

கல்முனைக் கரையில் ஒலிபெருக்கி கட்டாத மாதம் குறைவு. தேர்தல் கூட்டம், மீலாத் விழா, கோயில் சடங்கு, பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டி என்று ஏதாவது ஒன்றில் யாரோ பேசிக்கொண்டிருப்பார், ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். நல்ல பேச்சு கூட்டத்தை அழவைக்கும், எழவைக்கும். கெட்ட நோக்கம் உள்ளவர் வாயில் அகப்பட்டால் கூட்டத்தைக் கொண்டே ஊரைக் கொளுத்தவும் வைக்கும். இந்த வித்தையை அக்கக்காகப் பிரித்துக் காட்டிய இடம் துன்பியல் நாடக மேடை. அங்கிருந்தும் நம் கரையிலிருந்தும் சில செய்திகள்.

தீர்ப்பின் பிறகும் ஒரு பேச்சு

கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரில் ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்தியா' நாடகங்கள் மேடையேறின. தாயைக் கொன்ற மகன் மீதான வழக்கோடு கதை முடிகிறது. வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, மகன் விடுதலையாகிறான். பழிவாங்கும் தேவதைகள் கொதித்தெழுந்து நாட்டையே சபிக்கிறார்கள். அதீனா தேவிக்கு அவர்களை அடக்க வலிமை உண்டு. ஆனாலும் அவள் பேசியே தணிக்கிறாள். இந்த நகரில் உங்களுக்கும் இடமும் மரியாதையும் உண்டு என்று வாக்களிக்கிறாள். தோற்றவரிடமும் பேச வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தீர்ப்பும் நிலைக்காது என்பதை அந்த நாடகம் அன்றே சொல்லிவிட்டது.

இரண்டு நூல், ஒரே ஆசிரியர்

துன்பியல் நாடகத்துக்கு இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டில்தான் பேச்சுக்கலைக்கும் இலக்கணம் எழுதினார். நாடக நூலில் பாத்திரங்கள் வாதாடும் முறையைப் பற்றிச் சொல்ல வரும்போது, அதைப் பேச்சுக்கலை நூலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிடுகிறார். பேச்சு வெல்வதற்கு அவர் சொன்ன வழிகள் மூன்று: பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, சொல்லில் உள்ள நியாயம். மூன்றில் ஒன்று மட்டும் தூக்கலாக இருக்கும் இடத்தில் கேட்பவர் விழிப்பாக இருப்பது நல்லது.

குர்துபாவின் காழி

அரிஸ்டாட்டிலின் நாடக நூல் பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அபூ பிஷ்ர் மத்தாவின் கையால் அரபிக்கு வந்தது. அதற்கும் பேச்சுக்கலை நூலுக்கும் விளக்கம் எழுதியவர்களில் ஒருவர் ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் காழியாக இருந்த இப்னு ருஷ்த் (1126–1198). நாடக நூலுக்கு அவர் எழுதிய விளக்கம் 1256இல் இலத்தீனுக்குப் போனது. ஐரோப்பா நெடுங்காலம் அந்த நூலைப் பெரும்பாலும் இப்னு ருஷ்தின் வழியாகவே அறிந்திருந்தது.

அழவைத்துவிட்டு ஆடினார்கள்

1599 செப்டம்பர் 21ஆம் திகதி தோமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி லண்டனில் ஒரு நாடகம் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்தார். முதல் சக்கரவர்த்தி என்று அவர் எழுதிய ஜூலியஸ் சீசரின் கதை, கூரை வேய்ந்த கொட்டகை, ஏறக்குறைய பதினைந்து பாத்திரங்கள். கதை முடிந்ததும் நடிகர்கள் ஆண் வேடத்தில் இருவரும் பெண் வேடத்தில் இருவருமாக அழகாக ஆடினார்களாம். அது ஷேக்ஸ்பியரின் நாடகம் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். மட்டக்களப்புக் கூத்துக் களரியைப் போலவே அன்றைய லண்டன் மேடையிலும் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்கள்தான்.

வென்ற பேச்சு ஏன் தோற்றது?

அந்த நாடகத்தில் சீசரைக் கொன்றபின், சதிகாரரில் ஒருவனான புரூட்டஸ் மக்கள் முன் வருகிறான். சீசரை நேசித்தேன், ரோமை அதைவிட நேசித்தேன் என்பது அவன் வாதம். வசனநடையில் சுருக்கமாக, அளந்து பேசுகிறான். கூட்டம் ஆரவாரிக்கிறது. அந்த ஆரவாரத்தில் ஒருவன் போடும் சத்தத்தைக் கவனியுங்கள்: இவனையே சீசராக்குவோம் என்கிறான்! ஒருவனே ஆளும் முறை வேண்டாம் என்றுதான் கொலையே நடந்தது. கூட்டத்துக்குப் புரூட்டஸைப் பிடித்திருந்தது. அவன் சொன்ன காரணம் மனத்தில் ஏறவில்லை. அது தெரியாமல் அவன் மேடையைச் சீசரின் நண்பன் அன்டனியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அன்டனியின் பேச்சில் மக்கள் மனம் மாறிவிடும் என்று சக சதிகாரன் காசியஸ் அஞ்சியது பலித்துவிடுகிறது.

புகழ்ச்சியே வசையான விதம்

கொலைகாரரைக் குறைசொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அன்டனிக்கு அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் அவன் நிபந்தனையை மீறவில்லை. புரூட்டஸ் கண்ணியமானவன் என்று சொல்கிறான். பின் சீசர் செய்த ஒரு நன்மையைச் சொல்கிறான். மறுபடியும் புரூட்டஸ் கண்ணியமானவன் என்கிறான். சீசர் ஏழைகளுக்காக அழுதது, முடியை மூன்று முறை மறுத்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் பின்னும் அதே சொல். நாலைந்து தடவைக்குள் அந்தச் சொல் வசையாகிவிடுகிறது. அதுவரை அவன் வாயால் ஒரு பழியும் சொல்லவில்லை, முதலில் சொன்னது கூட்டம்.

மௌனமும் பேசியது

பாதியில் அன்டனி நிறுத்திக்கொள்கிறான். மனம் சீசரின் சவப்பெட்டியோடு போய்விட்டது, திரும்பி வரட்டும் என்று கண்கலங்கி நிற்கிறான். அந்த இடைவெளியில் கூட்டத்தில் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குகிறார்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிறான் ஒருவன். பாவம், அழுது கண் சிவந்துவிட்டது என்கிறான் இன்னொருவன். கூட்டத்தை நம்பவைத்ததில் பாதி அன்டனியின் வேலை, மீதிப் பாதி பக்கத்தில் நின்றவனின் வேலை. இன்று ஒரு செய்தி கைப்பேசிக் குழுவுக்குள் விழுந்ததும் நடப்பதும் இதுதான்.

பார்க்காத சாட்சி

இனி மேலங்கிக் காட்சி. அன்டனி மேடையை விட்டு இறங்குகிறான். உடலைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொல்கிறான். சீசரின் மேலங்கியைக் கையில் எடுத்து, நெர்விகள் என்ற இனக்குழுவை வென்ற நாள் மாலையில் கூடாரத்தில் இதை அவர் முதன்முதலாகப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது என்கிறான். பிறகு துணியிலுள்ள ஓட்டைகளைத் தொட்டுக்காட்டி, இது காசியஸின் கத்தி, இது காஸ்காவின் கத்தி, இது புரூட்டஸின் கத்தி என்கிறான். கூட்டம் விம்முகிறது.

நெர்விகளோடு போர் நடந்தது கி.மு. 57இல். வரலாற்றில் அன்டனி சீசரின் படையோடு சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் பிந்தித்தான். கொலை நடந்த வேளையிலும் அவன் அங்கு இல்லை. சதிகாரன் திரெபோனியஸ் அவனை வெளியே கூட்டிப்போனதை நாடகமே காட்டுகிறது. எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. கண்ணீரோடு நின்றவர்களில் ஒருவராவது, நீ அங்கே நின்றாயா என்று கேட்கவில்லை.

கையில் இருந்த காகிதம்

சீசரின் உயில் என்று ஒரு காகிதத்தைக் காட்டுகிறான் அன்டனி. வாசிக்க மாட்டேன் என்கிறான். வாசித்தால் உங்கள் நெஞ்சு தாங்காது என்கிறான். மறுக்க மறுக்கக் கூட்டம் கெஞ்சுகிறது. வெறியேறி ஓடப் புறப்பட்டவர்களை, உயிலை மறந்துவிட்டீர்களே என்று திருப்பி அழைத்து அதன்பிறகே வாசிக்கிறான்: ஆளுக்கு 75 திராக்மா, டைபர் நதிக்கரைத் தோட்டங்கள் எல்லாருக்கும் பொது. கூட்டம் தீப்பந்தம் தூக்குகிறது.

அடுத்த அங்கம் திறக்கும்போது அன்டனி இரு கூட்டாளிகளோடு இருந்து, யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போடுகிறான். அங்கேயே, அந்த உயிலைக் கொண்டுவாருங்கள், கொடுக்க வேண்டியதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான். பேச்சை ரசித்த பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. தேர்தல் வாக்குறுதி கேட்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய காட்சி இது.

பெயருக்காகச் செத்த கவிஞன்

அன்டனியின் பேச்சு முடிந்ததும் வரும் சிறு காட்சியில் சின்னா என்ற கவிஞன் தெருவில் நடந்துவருகிறான். வெறிகொண்ட கும்பல் அவனைச் சூழ்ந்து, பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய் என்று ஒரே நேரத்தில் கேள்விகளை வீசுகிறது. சதிகாரரில் ஒருவனுக்கும் சின்னா என்று பெயர். நான் அந்தச் சின்னா இல்லை, கவிஞன் என்று அவன் கதறுகிறான். அப்படியானால் உன் மோசமான கவிதைக்காகக் கொல்கிறோம் என்று கிழித்துப் போடுகிறார்கள். இது ஷேக்ஸ்பியரின் கற்பனை மட்டும் அல்ல. பெயர் மாறாட்டத்தில் சின்னா கொல்லப்பட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார்.

2018 பெப்ரவரி 26

அந்த இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. சிங்களம் சரியாகப் புரியாத ஒருவரைச் சூழ்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டு, அவர் குழம்பித் தலையசைத்ததைக் காணொளியாக்கிப் பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து மனிதரை மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்று இல்லவே இல்லை. கவிஞன் சின்னாவைச் சூழ்ந்த அதே கேள்விகள், அதே அவசரம். அவனுக்கு ஒரு பெயர் வினையானது. இங்கே ஒரு பிடி மா.

தழும்பைக் காட்ட மறுத்தவன்

ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்' அன்டனி கதையின் மறுபக்கம். ரோமில் பெரும்பதவி வேண்டுபவன் எளிய அங்கி உடுத்துச் சந்தையில் நின்று, போர்த் தழும்புகளைக் காட்டி மக்களின் சம்மதம் கேட்க வேண்டும். மாவீரன் கோரியோலேனஸுக்கு அது பிடிக்கவில்லை. மக்களை இழிவாகப் பேசுகிறான். மக்கள் பிரதிநிதிகள் அந்தக் கோபத்தைத் தூண்டிவிட்டு அவனை நாடுகடத்தச் செய்கிறார்கள். மக்களை ஏமாற்றத் தெரிந்தவன் அன்டனி, மதிக்கத் தெரியாதவன் கோரியோலேனஸ். இருவராலும் ஆபத்துக்குள்ளானது ஊர்தான்.

காரைதீவும் ரொபன் தீவும்

சீசர் நாடகத்தில், கோழைகள் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்ற கருத்தில் சீசர் பேசும் பகுதி ஒன்று உண்டு. அதைத் தமிழ்ச் செய்யுளாக்கியவர் 1892இல் காரைதீவில் பிறந்து, கல்முனையில் படித்த சுவாமி விபுலாநந்தர். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறையில் சொனி வெங்கடரத்னம் என்ற கைதி, ஷேக்ஸ்பியர் தொகுதி ஒன்றைத் தீபாவளி வாழ்த்து அட்டைகளால் மூடி, வேத நூல் என்று சொல்லிக் காப்பாற்றினார். முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தமக்குப் பிடித்த பகுதிகளில் கையெழுத்திட்டார்கள். 1977 டிசம்பர் 16ஆம் திகதி நெல்சன் மண்டேலா கையெழுத்திட்டதும் இதே பகுதியில்தான்.

செகசிற்பியார்

ஷேக்ஸ்பியரின் பெயரைச் செகசிற்பியார் என்றே எழுதினார் விபுலாநந்தர். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவருடைய 'மதங்க சூளாமணி' ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டி, நாடக இலக்கணத்தைத் தமிழருக்கு விளக்குகிறது. கோபம், அழுகை, அச்சம் எல்லாம் மேடையில் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொள்ள நம் ஊர் மனிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே புத்தகம் தந்திருக்கிறார். பாடசாலை நூலகங்களில் அது இருக்க வேண்டும்.

ஒரே அடியில் முடிந்த வழக்கு

பாண்டியன் அவையில் கண்ணகி கண்ணீரோடு வந்தாலும் அவள் வழக்கு நின்றது சாட்சியத்தின் மேல். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர்விடுகிறான். அன்டனி சான்றை ஒளித்து ஒளித்துக் காட்டினான், கண்ணகி எல்லார் கண்முன்னும் உடைத்துக் காட்டினாள். காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. சடங்கின் நிறைவு குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தை நம் கரை ஆண்டுதோறும் குளிரவைத்து அனுப்புகிறது.

அசையாத அவை

கல்முனைக்கு அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா பாரதக் கதையையே சடங்காக நடத்தித் தீமிதிப்போடு நிறைவுறுகிறது. அந்தக் கதையில் ஒரு பேச்சு உண்டு: தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க உரிமை எது என்று திரௌபதை சபையைக் கேட்கிறாள். நியாயத்தில் அதற்கு நிகரான பேச்சு குறைவு. ஆனால் பெரியோர் நிறைந்த அந்தச் சபை நேரான விடை சொல்லவில்லை. கௌரவ சகோதரர்களில் விகர்ணன் ஒருவன் மட்டும் அவளுக்காகப் பேசினான். தூண்டப்பட்டு எழும் கூட்டம் ஓர் ஆபத்து என்றால், நியாயம் கேட்டும் எழாத சபை இன்னோர் ஆபத்து.

செய்யுளின் பிடி

புரூட்டஸ் வசனத்தில் பேச, அன்டனி செய்யுளில் பேசுகிறான் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? ஓசை நினைவில் தங்கும், நெஞ்சைப் பிடிக்கும். நம் கரையில் அந்தப் பிடியை அறிந்தவர் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் (1931–1975). கர்ணன் கதையை 'மழைக்கை' என்ற பா நாடகமாக எழுதினார். கல்முனையை உலுக்கிய மேடைப் பேச்சாளர் எம்.எச்.எம். அஷ்ரஃபும் கவிஞரே, 'நான் எனும் நீ' அவர் கவிதைத் தொகுதி.

நீதிமன்றத்தில் நின்று ஊரோடு பேசியவன்

1952இல் வெளியான 'பராசக்தி' படத்தின் நீதிமன்றக் காட்சியைப் பாடமாக்கியவர்கள் இலங்கையிலும் ஏராளம். மு. கருணாநிதியின் வசனம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். கதாநாயகன் குணசேகரன் முதலில் தன் செயல்களை ஒப்புக்கொள்கிறான். அதன்பிறகே காரணம் சொல்கிறான். ஒளிக்க எதுவும் இல்லாதவன் என்ற நம்பிக்கை பிறந்தபின் அவன் சொல்வதெல்லாம் உண்மையாகவே ஏறுகிறது. அரிஸ்டாட்டிலின் முதல் வழி இதுவே.

பொய் வெற்றிக்கு ஊர்வலம்

எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி 1929இல் வெளியிட்ட கிளியோபாத்திரா பற்றிய அரபுச் செய்யுள் நாடகம், கடற்போரில் வென்றோம் என்று அலெக்சாந்திரியா மக்கள் கொண்டாடுவதோடு தொடங்குகிறது. உண்மையில் அது தோல்வி. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கூட்டத்தைப் பார்த்து இளைஞர்கள் இருவர் நொந்துகொள்கிறார்கள். உண்மை வந்துசேரும் முன் பொய் ஊரைச் சுற்றிவிடுவது அன்றும் நடந்ததுதான்.

தணித்த பேச்சு

இது நாடகம் அல்ல, வரலாறு. ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபி (ஸல்) அவர்கள் வபாத்தானபோது மதீனா நிலைகுலைந்தது. நபியவர்கள் மரணிக்கவில்லை என்று உமர் (ரழி) அவர்கள் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துயரம் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய வேளை அது. அபூபக்கர் (ரழி) அவர்கள் உள்ளே சென்று, உடலைத் தம் கண்ணால் பார்த்து, வெளியே வந்து பேசினார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 144ஆம் வசனத்தை ஓதினார்கள். உமர் (ரழி) அவர்கள் கால் தளர்ந்து அமர்ந்தார்கள், கூட்டம் அமைதியானது. நேரில் பார்த்துவிட்டுப் பேசியது, உண்மையைக் குறைக்காமல் சொன்னது, துயரத்தை யார் மீதும் ஏவாதது: இந்த மூன்றுமே அன்டனியிடம் இல்லாதவை.

கேட்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்தமுறை ஒரு பேச்சில் உங்கள் இரத்தம் கொதித்தால் நான்கு கேள்விகளை மனத்தில் போடுங்கள். இவர் சொல்வதை இவர் நேரில் பார்த்தாரா? கையில் இருக்கும் சான்றை முழுதாகக் காட்டினாரா? மறுபக்கத்தார் பேச இடம் இருந்ததா? நான் இப்போதே எழுந்து ஓடினால் நாளை யாருக்கு இலாபம்? நான்குக்கும் விடை கிடைக்கும்வரை எந்தக் காணொளியையும் பகிராதீர்கள்.

பேச்சுப் போட்டிக்கும் நாடகப் போட்டிக்கும் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்டனியின் பேச்சைத் தாராளமாகக் கொடுங்கள். குரலும் நிறுத்தமும் பழக அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வரும் கவிஞன் சின்னாவின் காட்சியையும் சேர்த்து மேடையேற்றுங்கள். பேசக் கற்கும் பிள்ளை, பேச்சு என்ன செய்யும் என்பதையும் அதே மேடையில் கற்றுக்கொள்ளட்டும்.